நான் போகாத ஊரின் தரைப்பாலம்

செம்பூர் டயாலிசிஸ் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

"சிஸ்டர், ரிட்டையர் ஆகிட்டீங்க, எங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டீர்கள். மெஷினைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதும் எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், புரியாத இடத்தில் ஹிந்தியில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஊசி குத்தி, குழாய் மாட்டி, பட்டனைத் தட்டிய பிறகு நமக்கும் நோயாளிக்கும் நடுவே நாலு மணி நேரம் சும்மா கிடக்கிறதே, நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். போன வாரம் அந்தப் பக்கம் வந்தபோது நீங்கள் அந்த நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்று பார்த்தேன். ஒருத்தி ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தன் இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கட்டிலில் படுத்திருந்த பெரியவர் அவனிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சம்பளம் வாங்காதவளுக்குக் கோபப்பட உரிமை இல்லை என்று பேசாமல் வந்துவிட்டேன். இப்போது நீங்களே பேனாவைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் விடப்போவதில்லை.

நம் யூனிட்டுக்கு வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மனைவி போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் மீனா, விக்ரோலியில் ஒரு ஆபீசில் வேலை. அப்பாவை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவாள், சாயங்காலம் ஓடிவந்து கூட்டிப்போவாள்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். மெஷின் ஓடத் தொடங்கினால் அவர் ஊரும் ஓடத் தொடங்கிவிடும். நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள், பூர்வீகம் பாலக்காடு, அவர் பேச்சு பிடிபடவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவர் ஊருக்கு நான் இன்றுவரை போனதில்லை. ஆனால் அந்த ஊரில் எந்தப் பஸ் டிரைவர் தரைப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிப்பார், எந்த வீட்டுப் பெண் "முடியைக் கட்டிட்டு வாரேன், நிப்பாட்டுங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள், அதற்காகப் பஸ் எவ்வளவு பொறுமையாக நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மேலத் தெருக்காரர்கள் வெயில் ஏறும் முன் ஆற்றில் துணி துவைக்கக் கூடாது, கீழத் தெரு குளித்து முடித்த பிறகுதான் துவைக்க வேண்டும் என்று அங்கே ஓர் ஒப்பந்தம் உண்டு. அதை மீறினால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். படித்துறைப் பிள்ளையாருக்கு முழங்கால் நனைந்துவிட்டால் பாலத்தைத் தாண்டக் கூடாது. சவரக் கடைக்காரர் கோடையில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கித்தான் அக்கரைக்குப் போவார், பாலம் பக்கத்திலேயே இருந்தாலும். ஏன் என்று கேட்டால், "காலு குளிருதுல்லா" என்பாராம்.

இதில் எனக்கு ஒரு வேதனை உண்டு. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு நாம் தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறோம். அரை டம்ளரை வைத்து மதியம்வரை ஓட்ட வேண்டிய மனிதர், நாலு மணி நேரமும் ஒரு ஆற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நாக்கு வறண்டு, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ஆற்றைப் பற்றியே பேசினார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். பெரிய மனது என்று நினைக்காதீர்கள். அவர் நன்றாகக் கதை சொல்வார், எனக்குக் கதை பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கதைகளில் அடிக்கடி வருகிறவர் பேச்சியம்மா. தரைப்பாலத்தின் முனையில் டீக்கடை, வடைக்கடை இரண்டும் சேர்ந்த ஒரு கடை. அண்ணாச்சியோடு ஒரே வகுப்பில் படித்தவர். செவ்வாய்க்கிழமை அங்கே வாழைத்தார்ச் சந்தை. அன்றைக்குப் பாலத்தில் இரண்டு பக்கமும் லாரிகள் ஏறி, மூஞ்சிக்கு மூஞ்சி நின்றுகொண்டு, எவனும் பின்னால் எடுக்க மாட்டேன் என்பானாம். போலீஸ் வந்தாலும் தீராது. கடைசியில் பேச்சியம்மா வடைக்கரண்டியோடு பாலத்தில் ஏறி, ஒவ்வொரு டிரைவரையும் பேர் சொல்லி, அவன் அப்பன் பேரையும் சேர்த்துச் சொல்லி ஏசினால் வண்டிகள் தானாகப் பின்வாங்கும் என்று அண்ணாச்சி நடித்துக் காட்டுவார். குழாய் மாட்டிய கையை ஆட்டாதீர்கள் என்று நான் கத்துவேன். மெஷினும் கூடவே கத்தும்.

மீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை குமார் டிராம்பேயில் ஒரு கம்பெனியில் வேலை செய்தான், பூர்வீகம் அதே ஆற்றங்கரை ஊர், அவன் அப்பா அங்கே வாழைத்தார் வியாபாரி. பையன் ஊரில் வைத்துத்தான் தாலி கட்ட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். எங்களுக்குத்தான் கவலை. ரயிலில் அவ்வளவு தூரம், அங்கே போய்ச் சொந்தக்காரர்கள் நடுவில் வாயைக் கட்ட வேண்டும். டாக்டர் யோசித்து, திருநெல்வேலியில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் பேசி, போனதும் ஒரு முறை, கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு முறை என்று ஏற்பாடு செய்தார். நான் மீனாவை உட்கார வைத்து, தண்ணீரை அளந்து கொடு, பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணாச்சி பக்கத்தில் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினாலே எனக்குச் சந்தேகம் வரும்.

கல்யாணத்தன்று காலை எனக்கு ட்யூட்டி. முதல் ஷிஃப்ட்காரர்களை எல்லாம் மெஷினில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன், மீனாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. முழு அலங்காரத்தில் இருந்தாள், நெற்றிச் சுட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"சிஸ்டர், அப்பா சேர்லேர்ந்து எழுந்திருக்க மாட்டேங்கறார். கால் கனமா இருக்குன்னு சொல்றார். எல்லாரும் கல்யாண அலைச்சல், கொஞ்சம் படுத்தாச் சரியாயிடும்ங்கறாங்க. எனக்கு டர் லக்தா ஹை, பயமா இருக்கு சிஸ்டர். தண்ணி அளந்துதான் குடுத்தேன், சச்சீ, நிஜமா. பழம் தொடலை."

இந்த இடத்தில், அவர் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததைத்தான் அவள் சொல்லிவிட்டாளே. "காலையிலேர்ந்து அப்பாவைப் பார்க்க யார் யார் வந்தாங்க?" என்று கேட்டேன். அந்த ஊரில் யாரும் யாரையும் வெறுங்கையோடு போய்ப் பார்ப்பதில்லை என்பது அவர் கதைகளிலிருந்து எனக்குத் தெரியும்.

"குமாரோட அப்பா வந்தார். பெரியப்பா, ரெண்டு சித்தப்பா... சம்பந்தி முறை ஏதோ செய்யணும்னாங்க. இளநி வெட்டி..." அதோடு அவள் நின்றுவிட்டாள். "நான் மேக்கப்ல இருந்தேன் சிஸ்டர்."

பிறகுதான் அந்த வழக்கம் எனக்கு முழுசாகத் தெரிந்தது. கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளையின் தகப்பனார் தன் தோப்பு இளநீரை வெட்டிப் பெண்ணின் தகப்பனார் கையில் கொடுப்பார். அவர் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க, மீதியை இவர் குடிப்பார். ஒரே இளநீரில் இரண்டு பேரும் வாய் வைத்துவிட்டால் அதற்கப்புறம் இரண்டு வீடு கிடையாது, ஒரே வீடு. மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, சித்தப்பா இருந்தால் அவர்களும் ஆளுக்கு ஒன்று கொண்டுவருவார்கள். வேண்டாம் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். ஊரில் ஓடும் தண்ணீரைப் பற்றியெல்லாம் கதை சொன்ன மனிதர், இந்த ஒரு கதையை மட்டும் என்னிடம் சொல்லவேயில்லை. சொன்னால் தடுத்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கள்ளத்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

நம் நோயாளிகளின் உடம்பில் இளநீரின் பொட்டாசியம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் கால் விழும், பிறகு இதயம் தடுமாறும். "போனை அப்பா பக்கம் காட்டு" என்றேன். பட்டு வேட்டி, புதுத் துண்டு, சந்தனப் பொட்டு எல்லாம் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு காலைத் தூக்குங்க அண்ணாச்சி" என்றேன். அவர் தூக்குவதாக நினைத்துக்கொண்டார். கால் தரையிலேயே இருந்தது.

"தாலியப் பாத்துட்டுப் படுத்துக்கிடுதேன் சிஸ்டர். செத்த நேரந்தான்" என்றார். நாக்கு குழறியது.

ட்யூட்டி டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்த உடனே, "இப்பவே போகணும், நான் திருநெல்வேலிக்குப் பேசறேன்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார். அவர் வேலை அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. என் வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. அங்கே ஒரு மண்டபம் நிறைய ஜனம் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு நர்ஸ், முகம் தெரியாதவள், பெண்ணின் தகப்பனை மண்டபத்திலிருந்து தூக்கச் சொல்கிறாள். நான் நினைத்தது தப்பாக இருந்தால் அந்தப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தவள் ஆவேன். ஊர் அதை அவள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். சரியாக இருந்து நான் தயங்கினால் அவள் தாலி ஏறும்போதே தகப்பனை இழப்பாள்.

மீனாவை போனோடு ஓரமாகப் போகச் சொல்லி, அவளிடம் மட்டும் சொன்னேன். "அப்பாகிட்ட போலாமான்னு கேட்காதே. கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவார்."

இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பந்திகள் நிற்கும் இடத்தில் அவரிடம் கேட்டால் அவர் தகப்பனாகத்தான் பதில் சொல்வார், நோயாளியாகச் சொல்ல மாட்டார். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய கட்டாயத்தை அவருக்குக் கொடுப்பதே அநியாயம். சில நேரம் ஒருவரைக் கேட்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. எப்போது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குள் போன் சம்பந்தி கைக்குப் போய்விட்டது. பெரிய மீசை, நல்ல வெள்ளைச் சட்டை. கண்ணில் பயம் தெரிந்தது.

"என்னம்மா இது, இப்பத்தான நல்லா சிரிச்சிப் பேசிட்டு இருந்தாவ. நாங்க ஏதும் செஞ்சிட்டமா?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி அந்தப் பதிலைச் சொன்னால், ஆசையாகத் தன் கையால் வெட்டிக் கொடுத்த இளநீர்தான் சம்பந்தியைச் சாய்த்தது என்று அவர் அந்த மண்டபத்தில் நின்று கேட்க வேண்டியிருக்கும். மீனா நாளைக்கு அந்த வீட்டில் விளக்கேற்ற வேண்டியவள்.

"நீங்க ஒண்ணும் செய்யலை. ரயில் பிரயாணத்துல உடம்பு கெட்டுப்போச்சு. நாளைக்குப் போட வேண்டிய மெஷினை இன்னைக்கே போடணும், அவ்வளவுதான். ஆனா இந்த நிமிஷமே கிளம்பணும்" என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. ஆனா அது அக்கரையிலேந்துல்லா வரணும். இன்னைக்குச் செவ்வாக்கெழம" என்றார்.

சந்தை நாள். அது எனக்குத் தெரியும். சந்தை நாளில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், பாதி ஊர் வாழைத்தாரோடுதான் வரும் என்று அண்ணாச்சி நம் யூனிட் கட்டிலில் படுத்துக்கொண்டு கேலி பேசியிருக்கிறார். சுற்றுவழியில் போனால் தாங்காது. "பேச்சியம்மா நம்பர் குடுங்க" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். குமார்தான் முந்திக்கொண்டு நம்பரைச் சொன்னான். பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதற்காக அந்த ஊரில் எல்லாரிடமும் டீக்கடை நம்பர் இருக்குமாம்.

யூனிட் போனில் கூப்பிட்டேன். எண்ணெய் கொதிக்கிற சத்தம், ஹார்ன் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல்.

"யாரு பேசுதிய?"

"பம்பாயிலேர்ந்து பேசறேன். அண்ணாச்சிக்கு ஊசி போடற சிஸ்டர்."

"ஆத்தாடி, மெசினு சிஸ்டரா. ஒங்களப் பத்திப் பேசாத நாளு கெடையாது அவன். கல்யாணத்துக்கு வரலியளா?"

"வரலைம்மா. இப்ப நேரமில்லை. அண்ணாச்சியை உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகணும். பாலம் எப்படி இருக்கு?"

"பாலமா? ரெண்டு லாரி மோதிக்கிடுத மாதிரி நிக்கி. நடுவுல ஒரு டிராக்டரு, அது ஸ்டார்ட்டே ஆவல. எதுக்குக் கேக்கிய?"

"ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்பிப் போகணும்."

கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "பொழைப்பானா?" என்று கேட்டார். குரல் சின்னதாகிவிட்டது.

"இப்பக் கிளம்பினாப் பொழைப்பார்."

"தாலி கட்டிட்டுக் கெளம்பினா?"

"அவ்வளவு நேரம் தாங்காதும்மா."

"சரி. போன வைங்க" என்றார்.

மீனாவின் போன் வீடியோவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை எங்கோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு மண்டபத்தின் கூரையும் சீரியல் பல்பும்தான் தெரிந்தன. குரல்கள் மட்டும் கேட்டன. மணையில் உட்கார வேண்டிய பெண் மண்டபத்தை விட்டுக் கிளம்பக் கூடாது என்று யாரோ ஒரு அம்மாள் சொன்னார். இன்னொருவர், ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன என்றார். மீனா பிறந்தது முதல் தாராவியில் வளர்ந்தவள், பாதி ஹிந்தியில்தான் பேசுவாள், அதற்காக அண்ணாச்சி அவளைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். அவள் குரல் இப்போது சுத்தமான அந்த ஊர்க் குரலாக வந்தது.

"எங்கப்பா வந்து ஒக்காந்தப்பெறவு நானும் ஒக்காருதேன். அதுவரைக்கும் யாரும் என்னய மணைக்குக் கூப்பிடாதிய."

நாதஸ்வரம் நின்றது. அதன் பிறகு சம்பந்தியின் குரல் வந்தது. "தாலி எங்கயும் ஓடிராது. சாயங்காலம் மாடு திரும்புத நேரத்துல படித்துறையில வச்சுக் கட்டிக்கிடலாம். அதுக்கு யாரும் பஞ்சாங்கம் பாக்க வேண்டாம். ஏல குமாரு, நிக்காத, மாமாவத் தூக்கு." மாடுகள் ஆற்றைத் தாண்டி வீடு திரும்பும் அந்தப் பொழுது எந்த நல்ல காரியத்துக்கும் ஆகும் என்பது அங்கே வழக்கமாம். கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை மாமனாரைத் தூக்கிக்கொண்டு போனான். "மாப்பிள, மாலை கசங்குது" என்று அண்ணாச்சி முனகியது எனக்கு நன்றாகக் கேட்டது.

பாலத்தில் நடந்ததைப் பிறகு குமார் சொல்லித்தான் தெரியும். பேச்சியம்மா போய் நின்று ஒவ்வொருவனையும் அப்பன் பேரோடு சேர்த்து ஏசியிருக்கிறார். ஒரு லாரி பின்னால் போயிற்று. மற்றதும் போயிற்று. டிராக்டர் மட்டும் அசையவில்லை. சந்தைக்கு வந்த அத்தனை பேரும் சேர்ந்து அதிலிருந்த தார்களை இறக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கரை மணலில் இறக்கிவிட்டார்களாம். நாலைந்து தார் ஆற்றில் விழுந்து மிதந்து போயிற்று, பையன்கள் நீந்திப் போய்ப் பிடித்தார்கள் என்றும் சொன்னான். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கல்யாணப் பேச்சு என்று எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் போய் வந்தது, அது நிஜம்.

திருநெல்வேலி டாக்டர் அங்கே எடுத்த ஈ.சி.ஜி.யை நம் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நம் டாக்டர் அதைப் பார்த்தார், என்னிடம் காட்டாமல் போனைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி சாவுக்கு எவ்வளவு கிட்டத்தில் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஷிஃப்ட்டைப் பார்த்தேன்.

அந்தச் சாயங்காலத்தைச் சொல்வதற்கு முன்னால் என் பொய்யைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கேட்பீர்கள். நோயாளியின் குடும்பத்திடம் பொய் சொல்லக் கூடாது என்றுதான் நானும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிடவும் முடியாது. விட்டால், அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு தகப்பன் சாய்வார். சில மாதம் கழித்துச் சம்பந்தி மகனைப் பார்க்க மும்பை வந்தார், அண்ணாச்சியோடு நம் யூனிட்டுக்கும் வந்தார். அவரை மட்டும் காரிடாருக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா மீனா முகத்தை எப்படிப் பார்த்திருப்பீங்க?" என்றேன்.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இத நீங்க ஊருல யாருக்கும் சொல்ல வேண்டாம். நானே சொல்லுதேன்" என்றார். சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் அந்த ஊரில் இளநீரை நீட்டும் முன், உடம்புக்கு ஒத்துக்குமா என்று கேட்கிறார்களாம். ஒத்துக்கொள்ளாது என்றால் உதட்டில் தொட்டுவிட்டுக் கொடுத்தால் போதுமாம். அவர் வாயாலேயே சொன்னதால்தான் ஊர் கேட்டது. நான் மண்டபத்தில் சொல்லியிருந்தால் அது சண்டையாகத்தான் முடிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்ட கதையெல்லாம் ஒருநாள் பயன்படும் என்று நான் சொல்லவில்லை. முக்கால்வாசி எதற்கும் பயன்படாது. மாட்டுங்காவிலிருந்து டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாமா எனக்கு இரண்டு வருடம் கிரிக்கெட் சொன்னார், எனக்கு இன்றுவரை ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவர் கட்டில் பக்கத்திலும் உட்கார்ந்தேன். நம்மிடம் வருகிறவர் வெறும் சிறுநீரகத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை, ஊரையும் உறவையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறார். அதை இறக்கி வைக்க அவருக்கு இடம் வேண்டும். இயர்போனைக் கழற்றுங்கள். வேறொன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம்.

இனி அந்தச் சாயங்காலம். டயாலிசிஸ் முடிந்த பிறகு ஈ.சி.ஜி.யை இரண்டு தடவை திருப்பி எடுத்துப் பார்த்துவிட்டு, மனசில்லாமல்தான் திருநெல்வேலி டாக்டர் அண்ணாச்சியை விட்டார். கூடவே ஒரு டெக்னீஷியனை அனுப்பினார், ராத்திரியே திரும்பிவிட வேண்டும் என்றார். நம் யூனிட்டில் கடைசி ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து வீடியோ கால் வந்தது. எடுத்தால் ஒரு பெரிய மூக்கு தெரிந்தது.

"சிஸ்டர், தெரியுதா? பேச்சியம்மா பேசுதேன். எம் பேரன் போனு."

நேரில் பார்க்காத அந்த முகத்தை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். அவர் போனைப் பிடித்த பிடியில் எனக்கு என்னென்னவோ தெரிந்தது. ஒரு மாட்டின் முதுகு தெரிந்தது. ஈரப் படிகள் தெரிந்தன. சாயங்கால வெயிலில் செக்கச் செவேலென்று ஆற்றுத் தண்ணீர் ஓடியது. மேளம் கெட்டியாகக் கேட்டது, தாலி ஏறுகிறது என்று புரிந்தது, ஆனால் பெண்ணையும் காணோம், மாப்பிள்ளையையும் காணோம்.

"பேச்சியம்மா, கொஞ்சம் மணமக்கள் பக்கம் திருப்புங்க" என்றேன்.

"அவுகள ஊரே பாக்குது. நீங்க பாக்க வேண்டியது இவனத்தான்" என்று சொல்லி, போனைத் திருப்பிப் பிடித்தார்.

ஒரு பக்கம் சம்பந்தியின் தோளையும் மறுபக்கம் அந்த டெக்னீஷியன் பையனின் தோளையும் பிடித்துக்கொண்டு, கையில் அட்சதையோடு, அண்ணாச்சி தன் காலில் நின்றுகொண்டிருந்தார்.